பேஸ் வாசிக்கிறவன் என்று எழுதவும்

கொள்ளேகாலம் தாலுகா எல்லைச் சோதனைச் சாவடியில், 1953-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மதுவிலக்கு சப் இன்ஸ்பெக்டர் முன்பாக, நான் சொல்லச் சொல்ல ரைட்டர் அய்யாசாமி எழுதிய வாக்குமூலம்.

பெயர்: கொர்னேலியஸ். தகப்பனார்: காலஞ்சென்ற ஆரோக்கியம். வயது: 26. மதம்: ரோமன் கத்தோலிக்கம். விலாசம்: மைசூர், மண்டி மொஹல்லா, கமலம்மாள் வீட்டு மாடி அறை. தொழில்: சுமைக்காரன்.

நான் மேற்படி விலாசத்தில் நான்கு வருஷமாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். பி.ஏ. படித்தவன். மைசூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். தொழில் என்ற இடத்தில் சுமைக்காரன் என்று போட்டால் எனக்கு நல்லது என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் தலையசைத்தேன். எழுதியாயிற்று. எனக்குத் தமிழ் பேச வரும், ஜெபப்புத்தகம் வாசிக்க வரும், எழுத வராது.

1949-ம் வருஷம், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் மண்டி மொஹல்லாவில் ஏலத்துக்கு வந்தன. நான் மேஜை வாங்கப் போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு பேஸ் சுவரில் சாய்ந்து நின்றது. மூன்று கம்பிதான் இருந்தது. ஒன்றைச் சுண்டினேன். சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. மேஜை வாங்கவில்லை.

பேஸ் என்றால் என்ன என்று ரைட்டர் கேட்டதால் சொல்கிறேன். பிடில் மாதிரியே செய்த வாத்தியம், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். மற்ற வாத்தியங்களுக்கு அடியில் தரை மாதிரி அது ஓடும். தனியாக வாசித்தால் அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே பேஸ் வாசிக்கிறவனுக்கு ஒரு பார்ட்டி வேண்டும். பார்ட்டி இல்லாவிட்டால் அவன் வாசிக்கிறவன் இல்லை, ஒரு பெரிய மரச்சாமானை வீட்டில் வைத்திருக்கிறவன்.

அதன் பிறகு நான்காவது கம்பியையும் வாங்கி மாட்டி, ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் நானே பழகினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்து ஆறு மணி முதல் ஏழரை வரை. கீழ் வீட்டில் கமலம்மாள், "ஏன் சாமி, மேல மாவு மிஷின் வெச்சிருக்கீங்களா? அலமாரியில பாத்திரமெல்லாம் நடுங்குது" என்று கேட்டார். தலையணையைக் காலடியில் போட்டு வாசித்தேன்.

அதன் பிறகு பார்ட்டி தேட ஆரம்பித்தேன். முதலில் எங்கள் கோவில் பாடகர் குழுவுக்குப் போனேன். ஆர்கன் வாசிக்கிறவர் நான் வாசித்ததை முழுவதும் கேட்டார். பிறகு, "என் இடது கை செய்யறதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்குப்பா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு மண்டி மொஹல்லாவிலேயே தொட்டையன் என்பவரின் கல்யாண பேண்டுக்குப் போனேன். அவர், "நம்முது நடக்கிற பார்ட்டி, ஸ்வாமி. உங்க பிட்டீலு நடக்குமா?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸைத் தோல் வாரால் கழுத்தில் கட்டிக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலிருந்து வாழைக்காய் மண்டி வரை வாசித்துக்கொண்டே நடந்தேன். முப்பது அடி நடந்திருப்பேன். சைக்கிளில் போன ஒருவர், "ஏனப்பா, யார் வீட்டு பீரோவைத் தூக்கிட்டு ஓடறே?" என்று கேட்டார். கிளாரினெட் வாசிக்கிறவர்கள் சிரித்தார்கள். தொட்டையன் சிரிக்கவில்லை. சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு ஒரு கிளப்பின் டான்ஸ் பேண்டுக்குப் போனேன். கோட்டு வேண்டும் என்றார்கள். அக்காள் புருஷனுடைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். நோட்டு வாசிக்கத் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். எட்டு வரி கேட்டுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, லெட்டர் வரும் என்றார்கள். ஏழு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு நாடகக் கம்பெனியார் அவர்களாகவே கூப்பிட்டார்கள். புயல் காட்சிக்கு இடி வேண்டும் என்றார்கள். படுதாவுக்குப் பின்னால் நின்று மூன்று நாள் இடியாக இருந்தேன். நான்காம் நாள் அவர்கள் ஒரு தகரத் தகடு வாங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் பாட்டில் கேசுக்குச் சம்பந்தமில்லையே என்று ரைட்டர் சொன்னார். சம்பந்தம் உண்டு, எழுதுங்கள் என்றேன்.

1952-ம் வருஷம் டிசம்பர் மாதம் வால்டர் என்பவர் என் அறைக்கு வந்தார். கிளாரினெட் வாசிக்கிறவர். அவரும், ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டினது போல் இருக்கும் அக்கார்டியன் வாசிக்கிற அவர் தங்கை ஜேனும், டிரம் அடிக்கிற சூசைநாதனும் சேர்ந்து வால்டர் பார்ட்டி. கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குப் போகிறவர்கள். வால்டர் பேஸைச் சுற்றி வந்து பார்த்தார். முதுகுப் பக்கத்தைக் கையால் சாண் போட்டு அளந்தார்.

"இதுக்குப் பெட்டி கிடையாதா, கொர்னேலியஸ்?" என்றார். இல்லை என்றேன்.

"செஞ்சிடலாம். ஜனவரியில கொள்ளேகாலத்துல ஒரு மரக் காண்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணம். வர்றீங்களா?"

"ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு? ஆளைப் பார்த்தாத் தெரியாதா?"

அதுவரை என்னைப் பார்த்துப் பார்ட்டிக்கு வாங்க என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். வாசிக்கச் சொல்லவில்லை என்பதை அன்று கவனித்தேன். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே சவப்பெட்டி செய்கிற ஆசாரியிடம் வால்டர் பெட்டி செய்யக் கொடுத்தார். அந்த நீளத்துக்குப் பெட்டி செய்ய ஊரில் அவர்தான் உண்டு. கறுப்புத் துணி போர்த்திய பெட்டி. உள்ளே பச்சை விரிப்பு ஒட்டிய ஓர் அடிப்பலகை. ஆழம் அதிகமாக இருக்கிறதே என்று கேட்டேன். வால்டர், "மரம் வேர்க்குங்க, அடியில காத்து வேணும்" என்றார். என் வாத்தியத்துக்கு வேர்க்கும் என்று நினைத்த முதல் ஆள் என்று அவரைப் பற்றி நினைத்தேன். பெட்டி அவர் வீட்டில் இருந்தது. போகிற நாளில் நான் பேஸைத் தூக்கிக்கொண்டு போய் அதில் வைப்பேன். அடிப்பலகையை நான் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

ஜனவரி மாதம் முதல் தடவை போனோம். பெட்டி பஸ்ஸின் மேலே. மைசூர் எல்லை முடிந்து மதுவிலக்கு ஆரம்பிக்கிற இந்தச் சாவடியில் பஸ் நின்றது. கான்ஸ்டபிள் ஜடையன் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். வால்டர் தொப்பியைக் கழற்றினார். ஜடையன் கும்பிட்டார். பஸ் போயிற்று. வால்டர் போலீஸுக்கு மரியாதை செய்தார் என்று நினைத்தேன்.

கல்யாண வீட்டில் என்னைப் பந்தல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வாசித்தேன். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. கிளாரினெட் மேலே போனபோது நான் கீழே இருந்தேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. திரும்பி வரும்போது பெட்டி லேசாக இருந்தது. சந்தோஷத்தினால் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன்.

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்து, ஏப்ரல் மாதம் இரண்டாம் தடவை போனோம். அதே காண்ட்ராக்டரின் தம்பி வீடு. நடுப்பாட்டில் என் தடித்த கம்பி அறுந்துவிட்டது. நான் நின்றுவிட்டேன். வால்டரும் சூசைநாதனும் வாசித்துக்கொண்டே போனார்கள். ஜேன் மட்டும் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "என்ன ஆச்சு? கீழே ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சே" என்றார்.

இதை அப்படியே எழுத வேண்டும். ஜேன் என்னிடம் பேசியது மொத்தமே இந்த இரண்டு வாக்கியம்.

இன்று காலை மூன்றாம் தடவையாகப் புறப்பட்டோம். சூசைநாதனுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் பூசைக்குப் போகவில்லை. பதினோரு மணி சுமாருக்கு பஸ் இந்தச் சாவடியில் நின்றது. டயர் மாற்ற வேண்டும் என்று டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். மேலே இருந்த பெட்டியையும் பாரம் குறைய இறக்கினார்கள். ஜடையன் எட்டி நின்று என்னிடம், "பாவமுங்க. அஞ்சு மாசத்துல மூணாவது. உள்ள யாருங்க?" என்று கேட்டார்.

"ஆளில்லை. பேஸ்" என்றேன்.

வால்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினேன். ஜடையன் குனிந்து பார்த்து, "அட, பிடிலுங்களா! பொணம்னு நெனச்சு ரெண்டு தடவை கும்பிட்டு அனுப்பிச்சனே! தேவம்மாகிட்டச் சொன்னா வருஷம் பூரா சிரிப்பா" என்று அவரே சிரித்தார். தேவம்மா அவர் மனைவி என்று பிறகு தெரிந்தது. சிரித்து முடித்து, "சரி, டயர் மாத்தற வரைக்கும் ஒண்ணு வாசிங்க, பாப்போம்" என்றார்.

வால்டர், "நேரமாகுது, மூடுங்க கொர்னேலியஸ், வெயில்ல மரம் கெட்டுடும்" என்றார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் நான் தேடிப் போய்க் கெஞ்சாமல், என்னை வாசி என்று ஒரு மனிதர் கேட்டது அதுவே முதல் தடவை.

முந்தின ராத்திரி மழையில் தரை சேறாக இருந்தது. ஆகவே பேஸின் அடிமுனையைப் பெட்டிக்குள் அடிப்பலகையின் மேல் ஊன்றிக்கொண்டு வாசித்தேன். பஸ்ஸில் வந்தவர்கள் கூடினார்கள். மேல் கம்பிகளில் வாசித்தபோது ஒன்றுமில்லை. புதிதாக மாட்டியிருந்த தடித்த கம்பிக்கு இறங்கியதும் ஓர் அதிர்வு கேட்டது. கிணுகிணு என்று. வாத்தியத்தில் எங்காவது ஒட்டு விட்டிருக்கும் என்று நிறுத்தினேன். பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். ஒட்டு சரியாக இருந்தது. மறுபடி அதே ஸ்வரம். மறுபடி கிணுகிணு. வாசிக்கிறவன் ஓர் அதிர்வைக் கேட்டால் அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது.

"இந்தச் சத்தம் பிடிலிலிருந்து வரவில்லை" என்று நானேதான் ஜடையனிடம் சொன்னேன். பேஸை அவர் தோளில் சாய்த்துவிட்டு, பச்சை விரிப்பைப் பிடித்து அடிப்பலகையைத் தூக்கினதும் நான்தான். வைக்கோல் இருந்தது. வைக்கோலுக்குள் பிராந்தி பாட்டில்கள் படுத்திருந்தன. யாரோ, "நல்ல ராகம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜேன் அக்கார்டியனைக் கீழே வைத்தார். வால்டர் தொப்பியைக் கழற்றினார்.

அதன் பிறகு எங்களைச் சாவடிக்குள் உட்கார வைத்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, படிச்சவன்தானே? நீயே தூக்கிக் காட்டியிருக்கே, உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுது. பெட்டி தூக்க வந்த ஆளுன்னு சொல்லு, சாட்சியாப் போட்டுடறேன். அஞ்சு மணி பஸ்ஸுல வீட்டுக்குப் போ. பார்ட்டியில ஒருத்தன்னு சொன்னா உன்னையும் எதிரியாப் போட்டாகணும். சர்க்கார் வேலை போயிடும்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னார்.

என் முன்னாலேயே வால்டரையும் கேட்டார். வால்டர், "இவன் எங்க பார்ட்டி இல்லை, சார். பெட்டி தூக்க வந்தவன். விட்டுடுங்க" என்றார். அதுவரை என்னை வாங்க, போங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, நிஜமே அதுதானா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முகம்தான் இருக்கும்போல.

பெட்டிக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. பேஸ் இல்லாமல் பெட்டி இல்லை, நான் இல்லாமல் பேஸ் இல்லை. அந்தக் கணக்கில் நான் சுமைக்காரன்தான். ஆனால் ஏப்ரல் மாதம் கம்பி அறுந்தபோது ஒருவர் திரும்பிப் பார்த்தார். சுமைக்காரன் நின்றால் பாட்டு நிற்காது. இதை ஜேனிடம் கேட்டுக்கொள்ளும்படி சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர், "அந்தப் பொண்ணு உண்மைன்னு சொன்னா உனக்குத்தான் கெடுதல், தெரியுதா?" என்றார். தெரியும் என்றேன். அவர் வராந்தாப் பக்கம் பார்த்து, ஏப்ரல் கல்யாணத்தில் இவன் வாசித்தானா என்று கேட்டார்.

ஜேன் அண்ணனைப் பார்த்தார். பிறகு, "வாசிச்சார்" என்றார்.

பாட்டில்களைப் பற்றி எனக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. பாட்டில்களில் எனக்குப் பங்கு இல்லை. பார்ட்டியில் பங்கு உண்டு. இரண்டையும் தனித்தனியாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கைப்பற்றிய சாமான் ஜாபிதாவில் "பாட்டில் கடத்தும் பெட்டி ஒன்று, மேற்படி பெட்டிக்கான பெரிய பிடில் ஒன்று" என்று இருக்கிறது. அது தலைகீழ். பேஸுக்காகத்தான் பெட்டி. திருத்த முடியாது, கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். அப்படியானால் கேஸ் முடிகிறவரை அதைச் சுவரில் சாய்த்து வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைக்கவும், நான்கு கம்பிகளையும் தளர்த்தி வைக்கவும். ஜடையனுக்கு எப்படி என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மேலே உள்ளதை ரைட்டர் அய்யாசாமி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். இது நான் சொன்னது, நான் சொன்னபடியே இருக்கிறது, என் அறிவுக்கு எட்டியவரை நிஜம். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நல்ல புத்திதான் சொன்னார்கள். முதல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் "சுமைக்காரன்" என்பதை அடித்துவிட்டு, "வால்டர் பார்ட்டியில் பேஸ் வாசிக்கிறவன்" என்று என் வேண்டுகோளின்பேரில் எழுதப்பட்டது. அடித்த இடத்தில் என் கைப்பட முதலெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்து மணி பஸ் போய்விட்டது.

(ஒப்பம்) கொர்னேலியஸ்
கையெழுத்து கன்னடத்தில்.

என் முன்பாக எழுதப்பட்டது: சப் இன்ஸ்பெக்டர், மதுவிலக்கு.