ஒட்டி வைத்த ஹெட்லைட்

நடுராத்திரி தாண்டிவிட்டது. கல்குவாரிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் ஒன்றும் கிடையாது... வீடு கிடையாது, கடை கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. அந்தச் சாலை ஓரத்தில் ஒரு பைக் நிற்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டு, ஒழுங்காக நிற்கிறது. ஹெட்லைட் எரிகிறது. ஆளைக் காணோம்.

டேய், அந்த டார்ச்சை அணை. முகத்தில் அடிக்காதே. காலையில் பைக் பந்தயம், தூக்கம் வரவில்லை, ஏதாவது சொல்லுங்கள் என்று நச்சரித்தது நீங்கள்தானே? அப்படியானால் கிட்ட வந்து உட்காருங்கள். மெதுவாகத்தான் சொல்வேன். இந்த ஷெட்டின் கடைசித் தடுப்பில் ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்திருக்கிறார், அவர் காதில் விழக் கூடாது. குறுக்கே எவனாவது கேள்வி கேட்டால் போய்ப் படுத்துவிடுவேன். நான் டயர் மாற்றிப் பிழைக்கிறவன். கதை சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை.

இது என் சகலைக்கு நடந்தது. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரன். வெல்டர். கை சுத்தமான கை, வாய்தான் கொஞ்சம் துருப்பிடித்த வாய். அவனுக்கு ஒரே தம்பி. வீட்டில் சின்னவன் என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அப்பா இல்லை. அம்மாவும், இவர்களும், என் கொழுந்தியாளும்தான். முன்னால் வீடு, பின்னால் தகரக் கொட்டகை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய ரோட்டு பைக் வாங்கினார்கள். அதைப் பந்தய டிராக்கில் ஓடுகிற வண்டியாக மாற்ற வேண்டும், சின்னவன் ஓட்ட வேண்டும், சகலை கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்க்க வேண்டும். வீட்டில் இதே பேச்சுதான். எந்த சைலென்சர், எந்த ஹேண்டில்பார், என்ன பெயிண்ட்... அம்மாவுக்கே எல்லாம் மனப்பாடம். ஆனால் வண்டியைப் பிரிக்கத்தான் முடியவில்லை. சின்னவனுக்குக் குவாரியில் ராத்திரி ஷிப்டு, போய்வர வேறு வண்டி இல்லை. அடுத்த மாதம் பிரித்துவிடலாம் என்பான். அடுத்த மாதம் வரும், அது பாட்டுக்குப் போகும்.

ஷிப்டு முடிந்து அவன் திரும்புகிற நேரம் ஊரே தூங்கும். அம்மா மட்டும் தூங்க மாட்டார். வண்டி தெரு முனையில் திரும்பும்போது ஹெட்லைட் வெளிச்சம் அவர் அறை ஜன்னல் வழியாக உள்ளே விழும். சுவரில் ஒரு ஓட்டம் ஓடும்... பீரோ... காலண்டர்... கதவு. அவ்வளவுதான். பிள்ளை வந்துவிட்டான் என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு ராத்திரி அந்த வெளிச்சம் வரவில்லை.

குவாரிச் சாலையில் செயின் கழன்றுவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, லைட்டை எரியவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மாட்டியிருக்கிறான். எந்த வண்டி வந்தது, யார் ஓட்டினார்கள், இன்று வரைக்கும் தெரியாது. பைக்கில் ஒரு கீறல் இல்லை. அவனைத்தான் அடித்துத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டது. விடியற்காலையில் பால் வண்டிக்காரன் தூரத்தில் ஒரு விளக்கைப் பார்த்து நிறுத்தியிருக்கிறான். பேட்டரி தீர்ந்து, சோகை பிடித்த மஞ்சளாக எரிந்துகொண்டிருந்ததாம்.

அந்தப் பிள்ளையின் கை இரண்டிலும் செயின் கிரீஸ். கழுவியது நான்தான். சோப்புப் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. அப்படியே அனுப்பி வைத்தோம்.

அதற்கப்புறம் வண்டி கொட்டகையில் கிடந்தது. சகலை அந்தப் பக்கமே போக மாட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு நாள் காலையில் எனக்குப் போன் போட்டான். “அவன் ஓட்டலைன்னா நான் ஓட்டறேன் சகலை. இதை டிராக்கில ஏத்தறேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீ வா, பிரிப்போம்.” இவனுக்குத் தொப்பை வேறு. டிராக்கில் உன்னை வளைவில் சாய்த்தால் வண்டி நிமிராது என்று கிண்டல் பண்ணிக்கொண்டேதான் போனேன்.

அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றார். “அப்படியே இருக்கட்டுமேடா” என்றார். இது சின்னவன் ஆசை என்று சகலை சொன்னான். அதற்கு மேல் அம்மா என்ன சொல்ல முடியும்? உள்ளே போய்விட்டார்.

உங்களுக்குத் தெரியாததா, டிராக் வண்டி என்றால் முதலில் ரோட்டுச் சாமான் எல்லாம் இறங்க வேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், சைடு ஸ்டாண்டு. ஹெட்லைட்டும்தான். விழுந்தால் கண்ணாடித் துண்டு டிராக்கெல்லாம் சிதறும், அதனால் கண்ணாடி என்று ஒன்று வண்டியில் இருக்கவே கூடாது. கழற்றியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு, அந்தக் காசில், ஹெட்லைட் இருந்த முன்பக்கத்தை மூடுகிற ஃபைபர் மூக்கு வாங்கினோம். எல்லாரும் செய்கிறதுதான், நாங்களும் செய்தோம். சகலை அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான்.

மறுநாள் காலையில் அம்மா வந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது. “அந்த லைட்டை எங்கடா வெச்ச?”

விற்றாகிவிட்டது என்று சகலை சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். சின்னவன் போன கொஞ்ச நாளிலிருந்து தினமும் ராத்திரி, அதே நேரத்துக்கு, அந்த வெளிச்சம் சுவரில் ஓடுகிறதாம். பீரோ, காலண்டர், கதவு. வண்டி கொட்டகையில் தூசி படிந்து பூட்டிக் கிடக்கிறது, ஆனால் வெளிச்சம் மட்டும் வந்துவிடுகிறது. வெளியில் சொன்னால் யாரையாவது கூட்டி வந்து விரட்டிவிடுவோமோ என்று பயந்து ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

“நேத்து வரலைடா” என்றார்.

சகலை என்னைப் பார்த்தான், நான் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தேன். பெற்ற வயிறு, என்னென்னவோ தோன்றும் என்றுதான் நினைத்தோம். டாக்டரிடம் காட்டலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

அன்று ராத்திரி சகலை முழித்துக்கொண்டான். தெருவில் சத்தம். என்ஜின் சத்தம் இல்லை... வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். டயருக்கு அடியில் பொடிக்கல் நெரிகிறது. செயின்... டிக்... டிக்... டிக்... அதோடு இன்னொரு சத்தமும். சுவரைத் தேய்த்துக்கொண்டே வருகிற மாதிரி. சர்ர்ர்ர்... வாசல் கிட்ட வந்ததும் நின்றது. சூடான கிரீஸ் வாசனை ஜன்னல் வழியாக வந்ததாம். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. தெருக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போனது. விடிகிற வரைக்கும் இப்படியே நடந்திருக்கிறது.

காலையில் என்னைக் கூப்பிட்டான், போனேன். வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவரில் நாலு கறுப்புக் கோடு. நாலு விரல். தெரு முனையில் ஆரம்பித்து, நெஞ்சு உயரத்தில், சுவரைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறது. வாசல் இடைவெளியில் நிற்கிறது. அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்துப் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து... குருடன் வீடு தேடுகிற மாதிரி. நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. அந்த கிரீஸ் எனக்குத் தெரியும். அதை ஏற்கெனவே ஒரு தடவை துடைத்துப் பார்த்தவன் நான்.

சகலை என் தோளைப் பிடித்துக்கொண்டான். “வீடு தெரியலையே சகலை அவனுக்கு. நான்தானே கழட்டினேன்.”

பழைய சாமான் கடைக்கு ஓடினோம். ஹெட்லைட்டை எவனோ வெளியூர்க்காரன் வாங்கிப் போய்விட்டான், ஆள் அடையாளம் தெரியாது. அதே மாடலில் வேறொன்று வாங்கி, பேட்டரி வைத்து, வாசலில் எரியவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. தெருவிளக்கும்தான் எரிந்தது, வாசல் பல்பும்தான் எரிந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு காலையிலும் சுவரில் கோடு கூடிக்கொண்டே போனது. அம்மா ராத்திரியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இங்கேதான் வாசல், இங்கேதான் இருக்கிறேன் என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே நிற்பார். துணைக்கு இரண்டு ராத்திரி தங்கிப் பார்த்த நான், கேட்க முடியாமல் அதை விட்டுவிட்டேன்.

வண்டி வேலை மட்டும் நிற்கவில்லை. வேலையை நிறுத்தினால் சகலைக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஃபைபர் மூக்குக்கு பெயிண்ட் அடித்தாயிற்று. பெயிண்டர் கடைசியாக அந்த ஸ்டிக்கரைக் கொண்டுவந்து ஒட்டினான். நீங்களும் ஒட்டியிருக்கிறீர்களே... மூக்கு மொட்டையாகத் தெரியக் கூடாது என்று ஹெட்லைட் படம் போட்ட ஸ்டிக்கர். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ விளக்கு மாதிரியே இருக்கும்.

சாயங்காலம் அம்மா கொட்டகைக்கு வந்தார். குனிந்து பார்த்தார். ஸ்டிக்கர் மேல் விரலை வைத்துத் தடவினார்.

“இது எரியுமாடா?”

சகலை வாயைத் திறந்தால் எரிந்து விழுகிறவன். ஆனால் அம்மாவிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கையில் இருந்த துணியைச் சுருட்டினான்.

“எரியும்மா” என்றான்.

அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொட்டகையைப் பூட்டியது நான்தான், சாவியும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி சகலை அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தான். தெரு முனையில் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக்... சுவர் தேய்கிற சத்தம்... பிறகு அது நின்றுவிட்டது. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பீரோ மேல் வெளிச்சம் விழுந்தது. மங்கலாக, பேட்டரி தீர்ந்த மாதிரி மஞ்சளாக... காலண்டர்... கதவு. அவ்வளவுதான். அம்மா திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டாராம். சகலை வாயில் துண்டை அடைத்துக்கொண்டு விடிகிற வரைக்கும் அழுதிருக்கிறான்.

காலையில் நான் போய்ப் பூட்டைத் திறந்தேன். உள்ளே ஜன்னல் இல்லை, பல்பு எரியவில்லை, கும்மிருட்டு. கருகின வாசனை அடித்தது. கதவை முழுக்கத் தள்ளிப் பார்த்தால்... அந்த ஸ்டிக்கர் பூராவும் விட்டில் பூச்சி. டேங்க் மேல் ஒன்று இல்லை, சீட்டு மேல் ஒன்று இல்லை. ஒட்டின விளக்கின் மேல் மட்டும், இறக்கை கருகி ஒட்டிக்கொண்டு. கீழே ஒரு கைப்பிடி உதிர்ந்து கிடந்தது. பயந்துகொண்டே விரலை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. வெறும் ஸ்டிக்கர்.

சகலை அந்த வண்டியை இன்றைக்கும் ஓட்டுகிறான். எல்லாப் பந்தயத்திலும் கடைசியாகத்தான் வருவான். வரட்டும், வாக்கைக் காப்பாற்றிவிட்டான் அல்லவா? வண்டி எந்த ஊருக்குப் போனாலும் அம்மாவும் கூடப் போவார், ராத்திரி அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். பிள்ளை ஓட்டுவதைப் பார்க்க வருகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பையில் ஒரு சின்ன பிரஷ் இருக்கும். நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் அந்த ஸ்டிக்கரைத் தட்டிச் சுத்தம் பண்ணிவிடுவார்.

ஆமாம்டா. கடைசித் தடுப்பில், உறை போட்டு மூடி வைத்திருக்கிறதே, அதுதான்.

ஷ்... எழுந்திருக்காதே. டார்ச்சைப் போடாதே என்றேன். ஷெட்டில் விளக்கெல்லாம் அணைத்து எவ்வளவு நேரம் ஆகிறது? உன் காதோரமாக ஒன்று பறந்து போனதே, பார்த்தாயா? இதோ இன்னொன்று... எல்லாம் அந்தப் பக்கம்தான் போகின்றன.

அம்மா முழித்துக்கொண்டார். எழுந்திருக்கிறார். நாற்காலியைத் தூக்கி, வண்டி வர வழி விட்டுக் கொஞ்சம் ஓரமாகப் போடுகிறார்.