கரையான் எண்ணெய் டின்னில் கரைத்த பானகம்

திருச்சியிலிருந்து புழுதி பறக்கக் காரில் வந்து, தும்பைப்பூ வேட்டி செம்மண் நிறமான பின்னும் சிரித்த முகத்தோடு இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கீழைக்கடல் ரசாயன எண்ணெய்க் கம்பெனியின் மானேஜர், பண்பாளர் ரெங்கராஜ் அவர்களே, திருவரங்குளம் கடைவீதியின் கண்ணான வர்த்தகப் பெருமக்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைக்காமல் வந்த தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் கம்பெனி ஏஜெண்டு நல்லதம்பியின் பணிவான வணக்கம்.

மானேஜர் அவர்களை வரவேற்றுப் புகழ்ந்து பேச வேண்டும் என்று வர்த்தகச் சங்கத்தார் எனக்குப் பத்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். புகழாமல் விடுவேனா? பத்து வருஷமாக அந்தக் கம்பெனியின் உப்பைத் தின்கிறவன் நான். வீட்டுக்கு வீடு விளக்கு, விளக்குக்கு விளக்கு வெளிச்சம், வெளிச்சமெல்லாம் எங்கள் கம்பெனி மண்ணெண்ணெய். வீட்டு உத்தரத்தைக் கரையான் அரித்தபோது, அதற்கும் ஓர் எண்ணெய் தந்தது எங்கள் கம்பெனி. ஒருமுறை பூசினால் கரையான் குலத்தோடு குடிபெயர்ந்து போய்விடும். அவ்வளவு கடுமையான விஷம். இதுவரைக்கும் புகழ்ச்சி. இனிமேல் நடந்த கதை.

சென்ற சித்திரையில் நம் சிவன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டோம். பானகம் கரைக்கப் பாத்திரம் வேண்டும் என்றார்கள். அடியேன் சும்மா இருப்பேனா? ஆறு காலி டின்களை அள்ளிக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? "டின் உபயம்: நல்லதம்பி" என்று பந்தல் முகப்பில் பலகையும் மாட்டினேன். எழுத்து கொஞ்சம் பெரியதுதான். சாமி பெயரைவிடப் பெரியது என்று அங்கே யாரோ சொல்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

காலி டின்னை நாம் என்ன செய்வோம்? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். மூன்று நாள் வெயிலில் கவிழ்ப்போம். மேல்தகட்டை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்துக் கிணற்றில் இறக்குவோம். இந்தக் கூட்டத்தில் வீட்டில் டின் வாளி இல்லாதவர் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் காணோம். புளியும் சாம்பலும் பட்டால் எதுவும் சுத்தமாகிவிடும் என்பது நம் நம்பிக்கை. அந்த ஆறு டின்களையும் அப்படித்தான் நானே நின்று தேய்க்க வைத்தேன். தேய்த்த தேய்ப்பில் மேலே ஒட்டியிருந்த காகிதமெல்லாம் கரைந்து போயிற்று. டின் கண்ணாடி மாதிரி மின்னியது.

காலையில் வெல்லம் கரைத்தார்கள், சுக்குத் தட்டிப் போட்டார்கள், எலுமிச்சை பிழிந்தார்கள். தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டது. வடம் பிடித்த கூட்டம் தொண்டை வறண்டு பந்தலை நோக்கி வருகிறது. அந்த நேரத்தில் பானகப் பொறுப்பில் இருந்த பிச்சையம்மாள், ஒரு டின்னை மறித்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதோ, தூணோரம் முந்தானையால் முகத்தை மறைக்கிறதே, அதே பிச்சையம்மாள்தான்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஓடினேன். "அண்ணே, இங்கிட்டு வந்து பாருங்க. அஞ்சு டின்னுல எறும்பு ஊருது. வெல்லம்னா ஊரத்தான் செய்யும். இந்த ஆறாவது டின்னடியில மட்டும் எறும்பு செத்துக் கெடக்கு" என்றது.

நான் உபயதாரர் அல்லவா, விட்டுக்கொடுக்க முடியுமா? "வெயில்ல செத்திருக்கும் ஆத்தா" என்றேன்.

"அந்த அஞ்சுக்கும் இதே வெயிலுதானண்ணே. ஒங்க டின்னுதானே? நீங்க ஒரு டம்ளர் குடிங்க. குடிச்சுட்டு இப்படிச் செத்த நேரம் ஒக்காருங்க. அப்புறம் நான் சனத்துக்கு ஊத்துறேன்" என்றது.

பெரியோர்களே, டம்ளரைக் கை வாங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை. ஊரே பார்க்கிறது, பலகையில் என் பெயர் பார்க்கிறது, நான் டம்ளரைப் பார்க்கிறேன். அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. மண்ணெண்ணெய் வருவதும் அந்த நாலு கேலன் டின்னில்தான், கரையான் எண்ணெய் வருவதும் அதே டின்னில்தான். அதே தகரம், அதே மயில் முத்திரை. வேற்றுமை எல்லாம் மேலே ஒட்டிய காகிதத்தில் மட்டும். அந்தக் காகிதத்தைத்தான் நான் நின்று தேய்க்க வைத்தேனே.

நான் குடிக்கவில்லை. அந்த டின் பானகத்தை மண்ணில் கொட்டினோம். குடித்திருந்தால் இன்று வரவேற்புரைக்கு வேறு ஆள் தேடியிருப்பீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அந்த அம்மாள் மட்டும் எறும்பைப் பார்க்காமல் இருந்திருந்தால், இங்கே சிரிக்க எத்தனை பேர் மிஞ்சியிருப்போம்? தப்பு என் மேல். சபையறிய ஒப்புக்கொள்கிறேன்.

தப்பு என்னோடு நின்றதா? கம்பெனி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. "விஷம் என்று காகிதத்தில் இங்கிலீஷில் தெளிவாக அச்சிட்டிருக்கிறோம். காலி டின்னுக்குக் கம்பெனி பொறுப்பாகாது. இதைப் பெரிதாக்கினால் உமது ஏஜென்சி மறுபரிசீலனை செய்யப்படும்." அழகான தாள், அருமையான எழுத்து.

காலி டின்னுக்குப் பொறுப்பில்லையாம். அப்படியானால் இது என்ன? கம்பெனியே அச்சடித்து என் கடைச் சுவரில் ஒட்டச் சொன்ன நோட்டீஸ். ஒரு பெண் கிணற்றடியில் டின் வாளியோடு நிற்கிறாள். கீழே எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: "எண்ணெய் தீர்ந்த பின்னும் எங்கள் டின் உங்கள் வீட்டுக்கு உழைக்கும்." டின்னைக் காட்டி எண்ணெய் விற்கத் தெரிந்த கம்பெனிக்கு, அந்த டின் எங்கே போகும் என்று தெரியாதா? குன்றாண்டார்கோவில் விவசாயிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது தெரியாதா? மீமிசல் கடற்கரையில் அதே டின்னில் குடிதண்ணீர் சுமந்து படகேறுகிறார்களே, அது தெரியாதா? லாபம் மட்டும் கம்பெனிக்கு, விஷம் மட்டும் ஊருக்கா?

மானேஜர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கரையான் எண்ணெய் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, என் கடைக் கதவையே கரையான் தின்கிறது. விஷத்துக்குத் தனி டின் கொடுங்கள். சிவப்புச் சாயம் பூசுங்கள், தகரத்திலேயே தமிழில் பொறியுங்கள், காலியானதைத் திரும்ப வாங்கி ஓட்டை போடுங்கள். அதுவரைக்கும் என் கிட்டங்கியில் இருக்கும் நாற்பது டின்னில் ஒன்றைக்கூட விற்க மாட்டேன். இதோ கிட்டங்கிச் சாவி. வீட்டில் ஆறு ஜீவன் இந்த ஏஜென்சியை நம்பி இருக்கிறது. ஆனாலும் மேஜையில் வைக்கிறேன்.

தலைவர் ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நான் சொல்கிறேன். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்கிறார். ஐயா, எழுதுங்கள், மகிழ்ச்சி. ஆனால் கடிதம் போய் வருவதற்குள் எத்தனை டின் கிணற்றுக்குப் போகும்? தங்கள் கையால் ஆகக்கூடியது இன்றைக்கே ஒன்று இருக்கிறது. அந்த ஆறாவது டின் இதோ இருக்கிறது, தங்கள் கையாலேயே இதில் ஓட்டை போடுங்கள். கொல்லர் சேவுகன் உளியும் சுத்தியலுமாகக் கீழே நிற்கிறார்.

தலைவர் எழுந்திருக்கிறார். மேல்துண்டை இடுப்பில் கட்டுகிறார். சேவுகா, சுத்தியலைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு உளியை நீ பிடியப்பா. இன்னும் கொஞ்சம் ஓங்கி, ஐயா.

சத்தம் கேட்டதா? போதுமா என்று என்னிடம் கேட்கிறார். போதாது ஐயா, அடியில் ஒன்றுதான் விழுந்தது, இன்னும் நாலு பக்கமும் இருக்கிறது.

அடித்துவிட்டார். சாவியை எடுத்து என் கையிலேயே திரும்பக் கொடுக்கிறார். இனிக் காலி டின் ஒவ்வொன்றும் கம்பெனிச் செலவில் திரும்பிப் போய் ஓட்டை விழும், தனி டின் வரும்வரை விற்பனை நிற்கும், அதற்குத் தாமே ஜவாப்தாரி என்கிறார். தம் வேலைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே சொன்னாரே, அதற்குத்தான் இந்த மாலை.

பிச்சையம்மாள், மேலே வா ஆத்தா. இந்த மாலையை நீதான் போட வேண்டும். தாய்மார்களே, டின்னை நன்றாகப் பாருங்கள். இதில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. கம்பெனியின் பெயர் நிற்கும்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், அடுப்பை மறந்த தாய்மாருக்கும், வேட்டி அழுக்காகியும் கை சுத்தமாய் நிற்கும் நம் தலைவருக்கும் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.