பிசுபிசுக்கும் பூ

பூவைப் பறிக்கும்போது காம்பைக் கிள்ளக் கூடாது, மேடம். லேசாகத் திருகினால் அதுவே கையோடு வந்துவிடும்.

குளிர் விட்டதும் மலைச்சரிவில், இலையே இல்லாத குச்சிகளில் இளஞ்சிவப்பாக ஒரு பூ பூக்கும். அதைச் சாப்பிடலாம். மெல்லிய புளிப்பு. அது உதிரும் சமயத்தில் அதே சரிவில் இன்னொன்று பூக்கும். அச்சு அசலாக அதே மாதிரிதான். ஆனால் இலையோடு சேர்ந்து வரும், அடியில் தொட்டால் பிசுபிசுக்கும். அதைச் சாப்பிடக் கூடாது.

அக்காவும் நானும் தையல் கடை வைத்திருந்தோம். கீழே கடை, மேலே இரண்டு அறை. அத்தான் போன பிறகு அவள் வெட்டித் தைப்பாள், நான் பட்டன் கட்டி இஸ்திரி போடுவேன். துணியோடு மாரடித்தே அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க நான் வேண்டும். ஆட்களைக் குத்த மட்டும் ஊசி வேண்டாம், வாயே போதும். இப்போது அவளைப் பற்றி இப்படிப் பேசுவது தப்புதான்.

பூவை இருவருமாகப் பறிப்போம். பார்த்துப் பிரிப்பது என் வேலை. அக்கா அதைத் தேனில் ஊறவைத்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுவாள். நான் இனிப்பைத் தொடுவதில்லை.

போன வருஷம் நடந்தது நிஜமாகவே கைத்தவறுதான். ஏதோ பேச்சு சுவாரஸ்யத்தில் கெட்ட பூ கொஞ்சம் கலந்துவிட்டது. அக்கா வாந்தி எடுத்து, தலைசுற்றிப் படுத்துவிட்டாள். டாக்டர் வந்து, "நல்லவேளை, கொஞ்சமா சாப்பிட்டிருக்காங்க. இந்தப் பூ நாடித்துடிப்பையே இறக்கிடும்" என்றார். வெளியூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கிளம்ப இருந்த அக்கா, பயணத்தை நிறுத்திவிட்டாள். நான் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தபோது, "நீ மட்டும் இல்லைன்னா நான் என்னடி ஆகியிருப்பேன்" என்றாள். அதுவரை அவள் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது.

இந்த வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஃபோன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கடையை மூடிட்டு ஒரேயடியா இங்க வந்துடும்மா."

"அப்போ உன் சித்தி?" என்றாள் அக்கா.

"சித்திக்கு என்ன, எப்படியாவது சமாளிச்சுப்பாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அதுவும் சரிதான்" என்றாள். நான் ஒரு சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கருகவிடவில்லை.

கால் வலிக்கிறது, வேலை கிடக்கிறது என்று மலைக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். கடைசியில் நான் மட்டும் போனபோது நல்ல பூ அநேகமாக உதிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா கூடையில் கைவிட்டாள்.

"என்னடி, கையெல்லாம் ஒட்டுது?"

"இந்த வருஷம் பூவிலேயே தேன் அதிகம்க்கா."

"ஏதோ போ. உன் கண்ணை நம்பித்தான் வாயில வைக்கிறேன்" என்று சிரித்தாள். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்புதான் வருகிறது.

போன வருஷம் மாதிரி படுப்பாள், பயணம் நிற்கும், நான் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் நினைத்தேன். நடுவில் அவளுக்கு இருதயம் பலவீனமாகி மாத்திரை ஆரம்பித்தது உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். தெரியும், மேடம். தினமும் காலையில் உறையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தவளே நான்தான். அதுவும் நாடித்துடிப்பைக் குறைக்கிற மாத்திரைதான்.

தேனில் ஊறியதைக் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாள். மத்தியானத்துக்குள் அவளுக்கு உதடு மரத்துவிட்டது. கை ஜில்லிட்டிருந்தது. "டாக்டரைக் கூப்பிடுடி" என்றாள். கூப்பிடு தூரத்தில்தான் டாக்டர் வீடு. "கொஞ்ச நேரம் பார்க்கலாம்க்கா" என்றேன். அதற்குப் பிறகு அவள் டாக்டரைக் கேட்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எங்கேயும் போயிடாதடி" என்றாள். குழந்தை மாதிரி சொன்னாள்.

பூவைத் தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அவள் மகள் சொல்கிறாளாம், அதை மட்டும் எழுதாதீர்கள். கடைசி மூச்சு வரைக்கும் நான் அவள் பக்கத்தை விட்டு அசையவே இல்லை.