நாற்பதாவது பதிவு

அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்புறம் எங்கள் தலைமையாசிரியர், கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக. சன்னலோரம் தட்டச்சு செய்யும் பெண். எனக்கு நேர் எதிரே சிட்டுவின் அம்மா, தையல் வேலை செய்கிறவர். கால் ஆடும் நாற்காலியை எனக்குப் போட்டிருந்தார்கள். ஒரு தாளை நாலாக மடித்து அடியில் வைத்துக்கொண்டேன். எதையும் ஒழுங்காகச் செய்தே பழகிவிட்டது.

சிட்டு என்பது நான் வைத்த பெயர். என் வலைப்பூவைப் படிக்கும் ஆசிரியர்களாகிய உங்களுக்கு அவளை அந்தப் பெயரில்தான் தெரியும். மூன்றாம் வகுப்பு, சொல்வதை எழுதச் சொன்னால் பாதி வரியில் நின்றுவிடுகிறவள். என் வகுப்பில் எது தோற்றது என்று வாரம் ஒரு பதிவாக நானே எழுதினேன். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? நீங்கள் பின்னூட்டத்தில் வழி சொன்னீர்கள். பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார் ஒருவர். பட அட்டை காட்டுங்கள், கடைசி வரிசைக்கு மாற்றிப் பாருங்கள் என்றார்கள் மற்றவர்கள். எல்லாவற்றையும் செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைக் கலந்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

அதிகாரி ஓர் அச்சுத்தாளை என் பக்கம் தள்ளினார். "இது உங்க நாற்பதாவது பதிவுதானே?"

ஆமாம். நீங்கள் கொண்டாடிய பதிவு. சிட்டுவுக்கு வலது காது கேட்கவில்லை என்று நான் கண்டுபிடித்தது. மூன்று கூட்டங்களுக்கு என்னைப் பேச அழைத்தது அதற்காகத்தான்.

"வெளியிட்டது போன மாசம். ஆனா உங்க வலைப்பூ கணக்குல பாத்தா, வரைவா சேமிச்சது பள்ளிக்கூடம் திறந்த மூணாவது வாரம். அப்பவே தெரியுமா?"

"தெரியும். புதன்கிழமை, இரண்டாவது பாடவேளை."

"ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு."

நோட்டுத் திருத்தக் குனிந்தபோது அவள் வலது காதிலிருந்து சீழ் வாடை வந்தது; அந்தப் பக்கம் பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லட்டுமா டீச்சர்?" என்றாள். "நானே சொல்றேன்மா, நீ எழுது" என்றேன். அன்று மாலையே முடிவை எழுதிச் சேமித்தேன். முடிவு தெரிந்தால்தான் நடுவில் உள்ளதை நிதானமாக எழுத முடியும்.

"நானே வந்து கேட்டேனே டீச்சர், காதுல ஏதாவது கோளாறான்னு" என்றார் அம்மா. "கவனம் பத்தல, அவ்வளவுதான், நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

சொன்னேன். அது பதினேழாவது வாரம். பட அட்டை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாதியில் எப்படி விடுவது?

முதல் மாதமே வந்திருந்தால் சொட்டு மருந்து போதும், இனி அந்தக் காது திரும்பாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருத்துவர் பாடம் நடத்தியவர் இல்லை. நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அவளை வைத்து முந்நூறு ஆசிரியர்கள் கற்றுக்கொண்டீர்கள். மூன்றாவது வாரமே சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? நாலு வரி.

"உங்க புள்ளையா இருந்தா?" என்று கேட்டார் அம்மா. தட்டச்சுச் சத்தம் நின்றது. விசாரணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. அச்சுத்தாளை நேராக்கி அதிகாரி பக்கம் தள்ளினேன்.

விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் வாசல்வரை கூடவே வந்தார். "வருந்துகிறேன்னு ஒரே ஒரு வரி எழுதிடுங்கம்மா. மீதிய நான் எப்படியாவது சமாளிக்கறேன்."

மூன்று பக்கம் எழுதினேன், தேதி வரிசைப்படி. அந்த ஒரு வரி அதில் இல்லை. வருந்தினால் கற்றதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

விசாரணை முடிந்து அன்று வெளியே வந்தபோது, அம்மாவுக்காக வராந்தா பெஞ்சில் காத்திருந்தாள் சிட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடது காதைத் தோளில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். குனிந்து பார்த்தேன். அதே வாடை.

விளக்கக் கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லை. அவர்கள் கேட்டது வலது காதைப் பற்றி. இங்கே எழுதியிருக்கிறேன், தேதி போட்டு வரைவில் சேமித்தாயிற்று. தீர்ப்பு வந்த பிறகு நீங்கள் படிப்பீர்கள். உறையின் வாயை ஒட்டி, விரலால் இரண்டு முறை நீவிவிட்டு, தபால் பெட்டியில் போட்டேன்.