கீழிருந்து வந்த வெயில்

பெரியோர்களே, முதல்ல ஒண்ணு ஒத்துக்கிடுதேன். எனக்கு முன்னால பேசின பேராசிரியர் உலகச் சந்தை, இறக்குமதிக் கொள்கைன்னு அரை மணி நேரம் பேசினாரு இல்லையா... நடுவுல எல்லாருக்கும் முந்திக் கை தட்டினது நான்தான். பேச்சு முடிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். அவரு தண்ணி குடிக்க நிறுத்தியிருக்காரு. அஞ்சாங்கிளாஸ் படிச்சவனை முன் வரிசையில உக்கார வச்சா இப்படித்தான் ஆகும்!

அவரு சொன்னதுல பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச பாதியை எங்க உப்பளத்துல கண்ணால பார்த்திருக்கேன். கையடக்கமா ஒரு கதை, கேக்கீங்களா?... சத்தமாச் சொல்லுங்க! பந்தி போட்டாச்சுன்னு சொன்னாத்தான் சத்தம் வருமா?

தூத்துக்குடிப் பக்கம், பெண்கள் உப்புச் சங்கம். அதுக்குத் தலைவி ஜெபக்கனி, எனக்குத் தங்கச்சி மாதிரி. நான் அங்க மோட்டார்க்காரன். பூமிக்குள்ள இருக்கிற உப்புத் தண்ணியை மோட்டார் வச்சு ஏத்தி, பாத்தியில பாய்ச்சி, வெயில்ல காய விடணும். அதான் தொழில். ஆனா டீசல் விக்கிற விலையில, மோட்டார் தண்ணியைக் குடிச்சுதோ இல்லையோ எங்களைக் குடிச்சுது. பங்குனிக்குள்ள கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணி பாயலைன்னா குத்தகை கைமாறிடும். நாப்பது குடும்பம்... தெருவுல.

சூரிய மோட்டாருக்கு அரசாங்கத் திட்டம் இருக்குன்னு கேள்விப்பட்டு ஆபீசுக்குப் போனோம். அதிகாரி தவசிமுத்து. நல்ல மனுஷன்தான்.

"என்ன பயிர் போடுறீங்கம்மா?"

"உப்பு சார்."

"உப்பு எங்கம்மா பயிரு?"

"வெயில்ல வந்து நாங்க உப்பு வாருற முதுகைப் பாருங்க சார். நெல்லறுக்குற முதுகுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க."

"நான் ஒத்துக்கிடுதேன் தாயி. விதி ஒத்துக்கிடாதே! உழவருக்கு மட்டும்னுல்ல இருக்கு."

இது இங்க. அதே வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு நாட்டுக்காரங்க, "வெளியில இருந்து வர்ற சோலார் பேனலுக்கு இன்னைல இருந்து வரி"ன்னு ஒரு கையெழுத்துப் போட்டாங்க. ஒரே கையெழுத்து! அவங்களுக்காக நம்ம ஊர்ல செஞ்ச பேனல் எல்லாம் துறைமுகத்துல பெட்டி பெட்டியா நின்னுபோச்சு. அதுவும் சாதா பேனலா? ரெண்டு பக்கமும் கண்ணாடி. முதுகுல வெளிச்சம் பட்டாலும் மின்சாரம் தரும். புத்தம் புதுக் கண்டுபிடிப்பு! கண்டுபிடிச்சு என்ன... கப்பல் நகரலையே!

ஜெபக்கனி விடுவாளா? பேனல் கம்பெனி மேலாளர் முன்னால போய் நின்னுட்டா. "சும்மா கெடக்குற சாமானம்தான சார்... எங்க அளத்துல கெடக்கட்டும்." மனுஷன் சிரிச்சுட்டாரு. எட்டு பேனல் இரவல்!

தவசிமுத்து யோசிச்சாரு. "சோதனைன்னு அனுமதி தாரேன். ஆனா இந்த மோட்டாருக்குப் பத்து பேனல் வேணும். எட்டை வச்சு கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

நட்டோம். நட்டதுல ஒரு தப்பு. இரும்புக் காலை நிறுத்தினா குழிக்குள்ள கல்லு மண்ணு போட்டு இறுக்கணும் இல்லையா? உப்பளத்துக்காரன் கை எதுக்குங்க போகும்? போன வருஷத்து உப்பு அம்பாரமாக் குவிஞ்சு கெடக்கு... அள்ளுனோம், போட்டோம், மிதிச்சோம்! குழி நிரம்பியும் கை நிக்கல. பேனலுக்கு அடியில பூரா வெள்ளை வெளேர்னு பரப்பிட்டோம்.

தவசிமுத்து வந்து பார்த்துத் தலையில கை வச்சுட்டாரு. "அண்ணாச்சி! இரும்புக்கு உப்பா? வெளங்குமா? துருப்பிடிச்சு விழுந்துரும்!"

"பங்குனி வரைக்கும் நின்னாப் போதும் சார்"னேன்.

சுவிட்சைப் போட்டாச்சு. தண்ணி முதல் பாத்தியில விழுது... அடுத்தது... அதுக்கடுத்தது... ஜெபக்கனி வாய்க்கால் ஓரமா தண்ணி கூடவே நடக்கா. பின்னால அத்தனை பெண்களும். நடு அளம் தாண்டுச்சு... தண்ணி தயங்குது... நிக்குதா?... நின்னுருச்சா?... இல்ல! போகுது! போயி... கடைசிப் பாத்தியில விழுந்துச்சுய்யா! அன்னிக்குப் போட்ட குலவையில அளத்துல மேஞ்ச நாரை அத்தனையும் பறந்துபோச்சு!

தவசிமுத்து மீட்டரைத் தட்டுதாரு. "எட்டு பேனலுக்குப் பத்து பேனல் கரண்டு காட்டுது... இது பொய் சொல்லுது." வேற மீட்டர் மாட்டினாரு. அதுவும் அதே பொய்யைச் சொல்லுது! குனிஞ்சு பேனலுக்கு அடியில பார்த்தாரு... கண்ணு கூசிப் பின்னால சாஞ்சாரு. கீழ பரப்பின உப்பு, வெயிலை வாங்கி அப்படியே பேனல் முதுகுல அடிக்குது!

ஜெபக்கனி சொன்னா: "எங்க மூஞ்சியைப் பாருங்க சார். நெத்தியை விடத் தாடைதான் கறுத்திருக்கு. எங்களுக்கு வெயில் மேல இருந்தும் வரும், கீழ இருந்தும் வரும். இத்தனை வருஷம் தோலைச் சுட்டுச்சு. இன்னிக்குத்தான் வேலை பார்க்குது."

அவரு எழுதின அறிக்கை மேல போச்சு. விதியில உப்பளமும் சேர்ந்துச்சு. குத்தகை எங்க கையில! கம்பெனி சும்மா இருந்துச்சா? உப்புக்குத் துருப்பிடிக்காத காலு செஞ்சாங்க. ஒரு நாடு கதவைச் சாத்தினா என்ன... உப்பு ஏரி இருக்கிற இன்னொரு நாடு சேதி கேட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. துறைமுகத்துல தூங்கின பெட்டி எல்லாம் கப்பல் ஏறிருச்சு!

மக்களே, என்ன தெரியுது? கண்டுபிடிச்சா மட்டும் போதுமா? பெட்டிக்குள்ளதான கெடந்துச்சு! சட்டம் போட்டா மட்டும் போதுமா? காகிதம் தண்ணி இறைக்குமா? உலகம் பூரா இந்தச் சூரிய மின்சாரத் தொழிலு அந்தப் பேனல் மாதிரிதான்யா. மேல இருந்து அரசாங்கத்து வெளிச்சம் விழணும். கீழ இருந்து நாம திருப்பி அடிக்கணும். ரெண்டு பக்கமும் பட்டாத்தான் கடைசிப் பாத்தி நனையும். அதனால விதியை மாத்துன்னு வாயால மட்டும் கேக்காதீங்க... செஞ்சு காட்டிக் கேளுங்க!

அந்த உப்பு ஏரி நாட்டுக்காரங்க எங்க அளத்தைப் பார்க்க நேர்லயே வந்தாங்க. அவங்க, தவசிமுத்து சார், மேலாளர், ஜெபக்கனி, நாப்பது குடும்பம், எல்லாரும் உப்பு வெளிச்சம் கூசாம இருக்கப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு, பேனல் முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். அதுல ஒருத்தருக்கும் கண்ணு தொறந்திருக்கல. அதைத்தான் பெரிசாக்கி, சட்டம் போட்டு, சங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கு.