கெளகேரிக்குத் தேரா, தண்ணீரா?

கையில் மணியும் கண்ணில் கவலையுமாக இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரசபைத் தலைவர் சிவலீலம்மா அவர்களே! முறுக்கிய மீசையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தேர்க்கமிட்டித் தலைவர், என் மதிப்புக்குரிய சங்கண்ணா அவர்களே! இன்னும் சற்று நேரத்தில் சபைக்குள் போய்க் கை தூக்கப் போகும் சக உறுப்பினர்களே! தேர்வீதியிலிருந்து வந்து நிழலான இடமாகப் பார்த்து அமர்ந்துவிட்ட பெரியோர்களே! நிழல் கிடைக்காமல் வெயிலில் நிற்கும் என் கெளகேரிச் சொந்தங்களே! குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, "தண்ணி வந்தா ஒரு குரல் கொடுடி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் கெளகேரித் தெருவின் உறுப்பினர் ஹனுமக்கா கைகூப்பிச் சொல்கிறேன், வணக்கம்.

நான் நிதானமாகப் பேச வந்தவள் அல்ல. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை என்ற நிலையில் வந்திருக்கிறேன். ஏன்? இன்று சூரியன் சாய்ந்ததும் கல்லேசுவரர் கோயிலில் கொடி ஏறும். கொடி ஏறிவிட்டால், தேர் போய்த் திரும்பி நிலைக்கு வரும்வரை இந்த ஹிரேகட்டெ ஊரில் எவரும் மண்ணில் புதிதாக இரும்பு இறக்கக்கூடாது. கடப்பாரை கூடாது, மண்வெட்டி கூடாது, இயந்திரம் கூடவே கூடாது. முன்பே திறந்த பள்ளத்தில் வேலையைத் தொடரலாம். புதிதாகத் திறக்க முடியாது. இது நம் ஊர்க்கட்டு. இதை நான் குறை சொல்லவில்லை. தேர் நிலைக்கு வரும்போது மழையும் வந்துவிடும். மழை வந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் வந்த பணம் திரும்பிப் போகும். ஆகவே இன்றைக்கு இல்லை என்றால் என்றைக்கும் இல்லை!

என்ன, கைதட்டுகிறீர்களா? வேண்டாம். கைதட்டும் நேரம்கூட வீண்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரசபையிடம் இருப்பது ஒரே ஒரு வேலைக்கான பணம். கெளகேரிக்குச் சிமெண்ட் ரோடு போடலாம். அல்லது கெளகேரியின் அடியில் அழுகிக் கிடக்கும் குடிநீர்க் குழாயை மாற்றலாம். ரோடு வேண்டும் என்போரும் குழாய் வேண்டும் என்போரும் சபையில் சரிபாதி. மிச்சம் இருப்பது இந்தக் கை ஒன்றுதான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, குழாயை மாற்றிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று வெளியூர்க்காரன் கேட்பான். அவனுக்கு என்ன தெரியும்? கல்லேசுவரர் தேரை இழுக்கும் வடத்தைத் திரிப்பவர் யார்? கெளகேரி மக்கள்! திரித்த வடத்தைத் தோளில் சுமந்து கோயிலில் சேர்ப்பவர் யார்? கெளகேரி மக்கள்! முதல் இழுப்புக்கு முட்டுக் கொடுப்பவர் யார்? கெளகேரி மக்கள்! அந்தத் தேர் இதுவரை ஒருமுறையாவது கெளகேரிக்குள் வந்திருக்கிறதா? வடம் நம்முடையது, வழி அவர்களுடையது என்றுதானே இத்தனை தலைமுறை போயிற்று?

இந்த வருடம் சங்கண்ணா மனம் வைத்தார். "ரோடு மட்டும் போட்டுக் கொடுங்க, தேரை உங்க தெருவுக்குள்ள கொண்டு வர்றது என் பொறுப்பு" என்றார். அவர் வாக்குச் சுத்தம். அதை நான் சந்தேகப்படவில்லை. அன்று நம் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லோரும் கடைத்தெருவுக்குப் போய் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தின்று, தேர் எந்த வாசலில் நிற்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கும் நெஞ்சு பொங்கியது. என் வாசலில் நிற்கும் என்று நானும்தான் சண்டை போட்டேன்.

"அப்ப ரோட்டுக்குக் கை தூக்க வேண்டியதுதானே?" என்று கேட்பது யார்? போரண்ணாவா? கேள், அப்பா. உன் கேள்வி நியாயமானது. ரோட்டை இப்போது போட்டுவிட்டுக் குழாயை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். அதற்குப் பதில் சந்தை வீதியில் ஊற்றாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது.

ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனாலும் மறந்ததுபோல் நடிக்கிறோமே, அதனால் சொல்கிறேன். பழைய குழாயை அப்படியே விட்டு, அதன்மேல் பளபளவென்று சிமெண்ட் ரோடு போட்டது நம் நகரசபை. வெடி வெடித்தோம், வாழைமரம் கட்டினோம். கொஞ்ச நாளில் ரோட்டின் நடுவே ஒரு விரிசல். விரிசலில் குபுகுபுவென்று தண்ணீர். வளையல் கடை நீலவ்வா பார்த்துவிட்டுக் கூவினாள்: "கங்கையே வந்துட்டாடி! எல்லாரும் ஓடி வாங்கடி!"

ஓடினார்களே! மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, தேங்காய் உடைந்தது. ஆளுக்கொரு செம்பு தீர்த்தம் வீட்டுக்குப் போனது. ஈரத்துணியோடு சுற்றி வந்தவர்கள்கூட உண்டு. முன்வரிசையில் சிலர் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நான் பெயர் சொல்லவில்லையே! மறுநாள் சந்தை வீதியில் கடை திறக்க ஆள் இல்லை. அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு. பக்கத்துச் சாக்கடையும் பழைய குழாயும் அடியில் கைகோத்துக்கொண்டு மேலே வந்ததைத்தான் நாம் கங்கை என்று கும்பிட்டிருக்கிறோம்.

சிரியுங்கள், சிரியுங்கள். அதற்குப் பிறகு நடந்ததில்தான் சிரிக்க ஒன்றுமில்லை. "ரோட்டை உடைத்துக் குழாயை மாற்றுங்கள்" என்று சந்தை வீதிக்காரர்கள் கேட்டார்கள். சபை சொன்ன பதில் என்ன? "புது ரோடு, உடைக்க முடியாது." சென்ற வருடமும் கேட்டார்கள். "இன்னும் புது ரோடுதான், உடைக்க முடியாது." இன்றும் அங்கே அந்த ஊற்று ஓடுகிறது. சந்தை வீதியில் பணக்காரர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு போர்வெல் போட்டுக்கொண்டார்கள். கெளகேரியில் போர்வெல் போட எவனிடம் வசதி இருக்கிறது? நம் தலைக்குமேல் சிமெண்ட் விழுந்தால் அதை உடைக்கச் சொல்ல நமக்கு எங்கே குரல் இருக்கிறது?

தலைவர் அம்மா மணியைத் தொடுகிறார். பொறுங்கள் அம்மா, அடிக்காதீர்கள். முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் சங்கண்ணா நம் தெருவுக்கு வந்தார். தேர் திரும்ப இடம் போதுமா என்று கயிறு பிடித்து அளந்தார். உச்சி வெயில். என் வாசலுக்கு வந்த மனிதரை வெறுமனே அனுப்புவேனா? வெல்லமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன். வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். செம்பைத் தூக்கினார். மூக்கருகே போனதும் கை நின்றது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேம்மா" என்றார். உதடு வெடித்துக் கிடந்தது அவருக்கு.

எழுந்திருக்க வேண்டாம், சங்கண்ணா. உங்களை அவமானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் அப்பா எங்கள் வாசலில் வெல்லத்தையும் தொட்டதில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எங்களோடு உட்கார்ந்து ராகிக்களி உண்டவர். நீங்கள் ஒதுக்கியது என்னை அல்ல, அந்தத் தண்ணீரை. அதுதான் எனக்கு அன்று முழுவதும் பொறுக்கவில்லை. கெளகேரிப் பெருமக்களே, கேளுங்கள்! அன்று நம் கையைப் பார்த்து ஒதுங்கினார்கள்; போராடினோம், அந்தத் தீட்டு ஒழிந்தது. இன்று நம் குழாயைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். நல்ல மனிதர்கள்கூட ஒதுங்குகிறார்கள்! குழாய் மாறாதவரை நம் வாசலில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க எவர் வருவார்? பெண் பார்க்க வருகிறவன் குடிப்பானா? பாடம் சொல்லித்தர வருகிற டீச்சர் குடிப்பாரா?

இன்னும் ஒன்று. தேர் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டுப் பெண் என்ன செய்ய வேண்டும்? நிறைகுடத்தை எடுத்துவந்து சக்கரத்துக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினால்தான் தேர் அடுத்த வாசலுக்கு நகரும். எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள், தாய்மார்களே? காலையில் பிடித்து மாலைக்குள் புழு நெளிகிறதே, அதையா? மனிதன் மூக்கைச் சுளித்ததை மகேசுவரன் காலடியிலா?

சங்கண்ணா ஏதோ சொல்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நானே சொல்கிறேன். "அதுக்கென்னம்மா, அன்னிக்கு மட்டும் லாரியில நல்ல தண்ணி வரவழைச்சுக் கொடுத்துடறோம்" என்கிறார். ரொம்ப சந்தோஷம். சாமியின் சக்கரத்துக்கு லாரித் தண்ணீர் வரும். சாமி போன மறுநாள்? அரசாங்க ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையோடு படுத்திருக்கிறானே நம் ஓபக்காவின் மகன், அவன் வீட்டுக்குத் திரும்பி வந்து எதைக் குடிப்பான்? தெரு முழுக்கக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். காய்ச்சினால் அந்த நாற்றம் இன்னும் கூடத்தான் செய்கிறது. இது பொய் என்று எந்தத் தாயாவது எழுந்து சொல்லட்டும், நான் இறங்கிவிடுகிறேன்!

ஓபக்காவே எழுந்துவிட்டார். வழி விடுங்கள். அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள் அம்மா, அக்கா வரட்டும். நம் தெருவில் தேர் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் இவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறார். மேடைக்கு வாருங்கள், அக்கா. வரமாட்டாராம். அங்கிருந்தே பேசுகிறார். அவர் கேட்பதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

"ஹனுமக்கா, சுத்தி வளைக்காம சொல்லு. தோண்டினா இந்த வருஷம் நம்ம தெருவுக்குத் தேர் வருமா?"

வராது, அக்கா. தோண்டி மூடிய மண் அதற்குள் இறுகாது. சக்கரம் புதையும்.

"அடுத்த வருஷம்?"

தெரியாது, அக்கா. சங்கண்ணா மனம் இப்படியே இருக்கலாம், கமிட்டி மாறவும் மாறலாம். நான் சண்டை போடுவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

சத்தம் போடாதீர்கள். அமைதி! போரண்ணா, உட்கார். அக்கா அழுகிறார். அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அதோ, கோயில் பக்கம் கொட்டு தொடங்கிவிட்டது, கேட்கிறதா? கொடியைத் துவைத்து எடுத்து வருகிறார்கள். நேரம் போகிறது, ஆனாலும் பொறுத்திருப்போம்.

பேசுகிறார். கேளுங்கள்.

"என் வீட்டுக்காரன் வடம் திரிச்சுத் திரிச்சே போய்ச் சேர்ந்தான். என்னிக்காவது நம்ம வாசல்ல தேர் நிக்கும், நீ சக்கரத்துக்குத் தண்ணி ஊத்துவேடின்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தான். அந்த ஒரு ஆசைக்குத்தான் நான் ரோடு ரோடுன்னு கத்தினேன்."

சொல்லுங்கள், அக்கா.

"அவன் போயிட்டான். பையன் இருக்கான். தோண்டுங்க."

கேட்டதா? கடைசி வரிசைக்குக் கேட்டதா? "தோண்டுங்க" என்கிறார்.

தலைவர் அவர்களே, இப்போது நீங்கள் தாராளமாக மணி அடிக்கலாம். எனக்கு இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. நான் உள்ளே போகிறேன்; என் கை குழாய்க்குத்தான் எழும். என்னை நம்பி வெயிலில் நின்ற கெளகேரிக்கு நன்றி. கடைசிவரை உட்கார்ந்து கேட்ட தேர்வீதிப் பெரியோர்களுக்கு நன்றி. பள்ளம் வெட்டும் இயந்திரம் ஒன்றுதான், தெருவோ நீளம். கொடி ஏறுவதற்குள் கெளகேரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மண் திறந்திருக்க வேண்டும். கை உள்ளவர்கள் எல்லோரும் வாருங்கள். ஓபக்கா முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். வணக்கம்.