பாலத்துக்கு அந்தப் பக்கம்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும். நாத்தனார் திடீரென்று குரலை உயர்த்தினாள்.

“பாலத்தத் தாண்டணும்னா ஒருத்தனக் கொல்லணுமாம் அண்ணி! என்னா அநியாயம் இது?”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் கேட்ட பிறகுதான் விளங்கியது: தன் மகனுடைய கம்ப்யூட்டரில், அவளே திருடன் வேஷத்தில் கார் ஓட்டும் விளையாட்டாம். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஊரச் சுத்தறது சொகமா இருக்குதுன்னியே?”

“சொகந்தான். ரோடு, மழை, கடைவீதி எல்லாம் அசலாட்டம் இருக்குது. எங்க போற, எப்ப வருவன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. நானும் சிக்னல்ல நின்னுதான் போறேன்.”

“திருட்டுக் கார்ல போய் சிக்னல்ல நிக்கிறியா?”

“கார்தான் திருட்டு, ஓட்டறது நானாச்சே! பாலத்துக்கு அந்தப் பக்கம் கடல் இருக்குது. அத்தப் பாக்கத்தான் இத்தினி நாளா ஓட்டிக்கினு இருக்கேன்.”

“பொம்மைதானே, கொன்னுட்டுப் போயேன்.”

“அவன் வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு நிக்கிறான் அண்ணி!”

“அப்ப கடல்?”

“வாணாம், இந்தப் பக்கமே சுத்திக்கறேன். குத்த ஒரு பட்டன், ஒதைக்க ஒரு பட்டன், சுட ஒரு பட்டன் வெச்சிருக்கான். ‘கொஞ்சம் வழி வுடுப்பா’ன்னு கேக்க ஒரு பட்டன் வெச்சானா, பாவி?”